முயலா, வயிறா: பீன்யாவிலிருந்து ஆறு வாரம் மாண்டரின் படிக்கப் போன ஒருத்தியின் நிகழ்வு ஆய்வு

என் அக்கா மகள் பெங்களூர் பீன்யாவில் எல்.இ.டி. விளக்கு செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பார்க்கிறாள். வயது 29. 2024 மே, ஜூன் மாதங்களில் ஆறு வாரம் தென் சீனாவின் குவாங்சோவில் தங்கி, சீனாவின் பொது மொழியான மாண்டரின் படித்துவிட்டு வந்தாள். எந்தப் பள்ளிகளைப் பார்த்தோம், எவற்றை ஏன் விட்டோம், எடுத்த முடிவு எவ்வளவு தூரம் சரியாக வந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

சீன சப்ளையரோடு வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பீன்யா, பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி என்று எங்கிருந்தாவது யாராவது என்னிடம் வந்து, "சார், மாண்டரின் படிக்க எந்த ஊர் நல்லது? பெய்ஜிங்கா, தைபேயா?" என்று கேட்பார்கள். ஊரைப் பற்றிய கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்பது என் எண்ணம். ஒரு மணி நேர வகுப்பில் உங்கள் வாய் எத்தனை நிமிடம் திறக்கும், தப்பாகச் சொன்னால் உடனே நிறுத்தித் திருத்த ஆள் இருக்கிறாரா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். குறுகிய காலப் படிப்புக்கு இதுதான் உயிர்.

பின்னணி

அவளுடைய நிறுவனம் வாங்கும் டிரைவர் (விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பாகம்), அலுமினிய உறை, லென்ஸ் எல்லாம் பெரும்பாலும் குவாங்டோங் மாகாணத்தில் சோங்ஷான் நகரத்தைச் சேர்ந்த குசென் என்ற இடத்திலிருந்து வருகின்றன. குசெனைச் சீனாவின் விளக்குத் தலைநகரம் என்பார்கள். தெருத் தெருவாக விளக்குக் கடைகளும் பட்டறைகளும்தான். இதுவரை எல்லாம் ஆங்கில மின்னஞ்சலில் ஓடிக்கொண்டிருந்தது. 2020 ஜூனில் சீனர்களின் செய்திச் செயலியான வீசாட்டை இந்தியா தடை செய்தபின், சட்டென்று ஒரு செய்தி போட்டுப் பதில் வாங்கும் வழியும் போய்விட்டது. அங்கே விற்பனையில் இருக்கும் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் சரக்கில் குறை வந்தால் பேச வேண்டியது பட்டறை மேற்பார்வையாளரிடம், அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அக்கா மகள் பேச ஆசைப்பட்டது அவரிடம்தான்.

முதலாளி ஆறு வாரம் அரைச் சம்பள விடுப்பும், பள்ளிக் கட்டணத்தில் பாதியும் தருவதாகச் சொன்னார். அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "இவ்ளோ செலவு பண்ணிப் போறாளே, உருப்படியா ஏதாவது வருமா தம்பி?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சி நிறுவனம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசும் ஒருவர் மாண்டரினில் வேலை பார்க்கும் அளவுக்கு வர 88 வாரம், 2200 வகுப்பு மணி ஆகும் என்பது அதன் கணக்கு. வாரம் 20 மணி வீதம் ஆறு வாரம் என்றால் 120 மணி. பதினெட்டில் ஒரு பங்குதான். ஆகவே ஆறு வாரத்தில் மொழி வந்துவிடும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பக் கூடாது. 120 மணியில் எதைக் கேட்டு வாங்கலாம் என்று முடிவு செய்வது நம் கையில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் என் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம்: எண், விலை, அளவு, தேதி, குறையைச் சொல்லும் சொற்கள், "திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேட்பது. இவ்வளவும் எதிராளிக்கு முதல் தடவையே புரிகிற மாதிரி வாயிலிருந்து வர வேண்டும். அதற்கு மேல் வருவதெல்லாம் லாபம்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லியாக வேண்டும். 2012-இல் நானும் பெய்ஜிங்கில் ஆறு வாரம் படித்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். வகுப்பில் 18 பேர். ஆசிரியர் பண்பானவர், பாடம் ஒழுங்காக நடந்தது. தினமும் 20 எழுத்துகளை எழுதி எழுதிப் பழகினேன். திரும்பும்போது சுமார் 400 எழுத்துகளை அடையாளம் கண்டுகொள்வேன். ஆனால் பெங்களூருக்கு வந்திருந்த ஒரு சீனப் பொறியாளரிடம் பேசியபோது, நான் சொன்ன மூன்று வாக்கியத்தில் ஒன்றுதான் அவருக்குப் புரிந்தது. ஆறு வாரத்தில் ஒருவர்கூட என்னை நிறுத்தி, "இந்த ஒலி தப்பு, மறுபடி சொல்" என்று சொல்லவில்லை. 18 பேர் உள்ள வகுப்பில் அதற்கு நேரம் எங்கே? அந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை. அது இவளுக்கும் நடந்துவிடக் கூடாது என்றுதான் இதில் இறங்கினேன்.

தமிழ் நாக்குக்கு எது கடினம்

மாண்டரினில் சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்கள், அதாவது தொனிகள், நான்கு உண்டு, அதோடு அழுத்தம் இல்லாத மெல்லிய தொனி ஒன்றும் உண்டு என்பது படிக்கத் தொடங்கும் எல்லோருக்கும் தெரியும். கொள்முதல் வேலைக்கு இது விளையாட்டல்ல. 'மாய்' என்பதைத் தாழ்த்தி மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குவது, மேலிருந்து கீழே வெட்டி இறக்கி நான்காம் தொனியில் சொன்னால் விற்பது. வாங்க வந்தவள் விற்க வந்தவள் ஆகிவிடுவாள்.

தமிழருக்குத் தொனிக்குச் சமமான இன்னொரு தடை இருக்கிறது. பள்ளிகள் அதைக் கவனிப்பது குறைவு, ஏனென்றால் பாடப்புத்தகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுபவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் எழுத்தில் ப ஒன்றுதான். மாண்டரினில் இரண்டு: மூச்சு வெளிவராத ப, மூச்சு வெடித்து வரும் ப. த-வும் க-வும் அப்படியே இரண்டிரண்டு. 'பால்' என்று சொல்லும்போது உதட்டுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், காற்று அடிக்காது. மாண்டரினின் முதல் ப அதேதான். அது நமக்குப் பிறவியிலேயே வந்த ஒலி. மற்றதுதான் வராது. அது வேறு ஒலி என்பதே முதலில் நம் காதுக்குத் தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டு. "வயிறு நிறைந்துவிட்டது" என்பதற்குச் சீனத்தில் 'தூட்ஸு பாவ் ல'. "முயல் ஓடிவிட்டது" என்பதற்கும், தமிழில் எழுதினால், அதே 'தூட்ஸு பாவ் ல' தான். தொனிகளும் அப்படியே ஒன்று. முதலில் வரும் த-விலும் அப்புறம் வரும் ப-விலும் மூச்சு இல்லாவிட்டால் வயிறு, இருந்தால் முயல். இரண்டையும் சீன ஆசிரியர் ஒருவரின் பதிவில் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். மூன்று தடவை கேட்டாள். "மாமா, ஒரே ஃபைலைத்தானே திரும்பத் திரும்பப் போடுறீங்க?" என்றாள். காது அந்த அளவுக்கு மூடியிருந்தது.

பெங்களூரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஓர் உதவி கிடைக்கிறது. பள்ளியில் கன்னடம் படித்திருப்பார்கள். மூச்சு வெடிக்காதது அல்பபிராணம், மூச்சு வெடித்து வருவது மகாபிராணம் என்று கன்னட எழுத்துகளைப் பிரித்துச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இந்தியும் காதில் விழுந்திருக்கும். "உன் கன்னட மிஸ் சொன்ன மகாபிராணத்தை நினைச்சுக்கோ, அந்த மூச்சைக் கொண்டு வா" என்றேன். ப, த, க மூன்றும் ஒரு வாரத்தில் பிடிபட்டன. ச-தான் இழுத்தது. தமிழ் ஒரு ச வைத்திருக்கும் இடத்தில் மாண்டரின் ஆறு ஒலி வைத்திருக்கிறது. வாயில் மூன்று இடம், ஒவ்வோர் இடத்திலும் மூச்சோடு ஒன்று, மூச்சில்லாமல் ஒன்று.

நம் மொழி தரும் உதவிகளும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் விட்டால் தமிழுக்கு நியாயம் செய்தது ஆகாது. நாக்கை மடித்துச் சொல்லும் அவர்களின் ர-வகை ஒலி நம் ழ-வுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. வேற்று மொழிக்காரர்கள் மாதக்கணக்கில் திணறும் 'மனிதர்' என்ற சொல்லை அவள் முதல் நாளே சொன்னாள். இலக்கணத்திலும் அப்படித்தான். "நேற்று வாங்கிய புத்தகம்" என்பதைச் சீனர்களும் நேற்று, வாங்கு, இடையில் ஒரு 'த', அப்புறம் புத்தகம் என்ற அதே வரிசையில் சொல்கிறார்கள். 'மேசை' என்ற சொல்லுக்குப் பின்னால் 'மேல்' வருவதும், வாக்கியத்தின் கடைசியில் 'மா' சேர்த்தால் கேள்வியாவதும் நமக்குப் புதிதல்ல. நாம் 'வந்தாயா' என்று கடைசியில்தானே கேட்கிறோம்? ஆங்கிலம் வழியாகப் படிப்பவருக்கு இதையெல்லாம் தலைகீழாகப் புரட்டிச் சொல்லித்தர வேண்டும். தமிழருக்கு ஐந்து நிமிடம் போதும்.

பள்ளித் தேர்வுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், கூட்டமான வகுப்பில் எல்லோருக்கும் ஒரே வேகம்தான். நமக்கு எளிதானதில் ஒரு மணி நேரம் வீணாகும், நமக்குக் கடினமானது இரண்டு நிமிடத்தில் கடந்துபோகும். தனி வகுப்பு என்றால் ஆசிரியர் நம் நாக்கைப் பார்த்து நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

எதையெல்லாம் பார்த்தோம்

மனம் முதலில் தைபேய்க்குத்தான் போனது. தேசியத் தைவான் நார்மல் பல்கலைக்கழகத்தின் மாண்டரின் பயிற்சி மையம் 1956-இலிருந்து வெளிநாட்டவருக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறது. அங்கே படித்தவர்களிடம் நான் குறை கேட்டதில்லை. ஆனால் அங்கே முதன்மையானது மூன்று மாதப் பருவம். இவளிடம் இருந்தது ஆறு வாரம். இன்னொன்று எழுத்து. தைவானில் பழைய முழு எழுத்துகள், சீனாவில் 1956-இலிருந்து எளிமையாக்கப்பட்ட எழுத்துகள். சப்ளையர் அனுப்பும் வரைபடமும் பில்லும் எளிய எழுத்தில்தான் வரும். இரண்டு எழுத்து முறைகளையும் தூக்கிச் சுமக்க ஆறு வாரம் போதாது. அவள் கொஞ்சம் வருத்தத்தோடுதான் அதை விட்டாள்.

பெய்ஜிங்கைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. அங்கே மொழி மற்றும் பண்பாட்டுப் பல்கலைக்கழகம் 1962-இலிருந்து இருக்கிறது, வெளிநாட்டவருக்குச் சீன மொழி சொல்லிக்கொடுப்பதுதான் அதன் அடிப்படை. இரண்டு மூன்று ஆண்டு படிக்கப் போகிறவர்களுக்கு அதையே சொல்வேன். இவளுடைய தேவை வேறு.

தெற்கே மலையும் ஆறும் உள்ள ஒரு சுற்றுலா ஊரில் தனி வகுப்பு நடத்தும் பள்ளி ஒன்று கட்டணத்தில் மலிவாக இருந்தது. எங்கள் மின்னஞ்சலுக்கு உடனே பதில் போட்டார்கள். "சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது" என்று ஒரு வரி அதில் இருந்தது. அந்த வரியோடு அந்தப் பள்ளியை மூடி வைத்துவிட்டோம். 180 நாளுக்கு உட்பட்ட படிப்புக்குச் சீனா எக்ஸ்-2 என்ற விசா தருகிறது, அதற்குக் கல்வி நிறுவனத்தின் சேர்க்கைக் கடிதம் வேண்டும். தனியார் பள்ளிகளில் பலவற்றுக்கு வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் அனுமதி கிடையாது. சில பள்ளிகள் ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துகொண்டு அதன் பெயரில் கடிதம் வாங்கித் தரும். பணம் கட்டுவதற்கு முன்னால், "எந்த விசாவுக்கு, எந்த நிறுவனத்தின் பெயரில் கடிதம் தருவீர்கள்?" என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. நாளைக்கு இவள் வேலைக்காகத் திரும்பத் திரும்பச் சீனா போக வேண்டியவள். பாஸ்போர்ட்டில் ஒரு கறை வந்தால் ஆறு வாரப் படிப்புக்காக வேலையையே பணயம் வைத்ததாகிவிடும்.

மிஞ்சியது குவாங்சோ. இதற்கு எதிர்ப்பு வந்தது. "அது கான்டனீஸ் பேசுற ஊராச்சே, அங்க போய் யாராவது மாண்டரின் படிப்பாங்களா?" என்று அவளுடன் வேலை பார்க்கும் பையன் கேட்டான். கேள்வியில் நியாயம் இருக்கிறது, அந்த வட்டாரத்தின் சீன மொழியான கான்டனீஸ் தெருவில் காதில் விழத்தான் செய்யும். ஆனால் இவள் நாளைக்குப் பேசப் போவது பெய்ஜிங் வானொலியிடம் இல்லை. குவாங்டோங் மனிதர்கள் பேசும் மாண்டரினில் 'ஷ' பல நேரம் 'ஸ' ஆகிவிடும். நான்கு என்பது 'ஸு', பத்து என்பது 'ஷு'. அந்த உயிர் நம் குற்றியலுகரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒலி. தெற்கே பலர் வாயில் இரண்டுமே 'ஸு' தான், தொனி மட்டும் பிரித்துக் காட்டும். பதினான்கு என்றால் ஏறி இறங்கும், நாற்பது என்றால் இறங்கி ஏறும். ஒரு கொள்முதல்காரிக்கு 14-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசத்தை விடப் பெரிய பாடம் என்ன இருக்கிறது? வகுப்பில் ஆசிரியரிடம் சுத்தமான உச்சரிப்பைக் கற்றுக்கொண்டு, வெளியே கடையில் தெற்கத்தி உச்சரிப்பைக் கேட்டுப் பழகுவதுதான் இவளுக்குப் பொருந்தும் என்று முடிவு செய்தோம்.

நிமிடக் கணக்கு

குவாங்சோவில் மூன்று பள்ளிகளிடம் ஆன்லைனில் மாதிரி வகுப்பு கேட்டோம். ஒன்று மறுத்தது. மற்ற இரண்டும் கொடுத்தன. அவள் கணினி முன் உட்கார, நான் பக்கத்தில் கைபேசி ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்தேன். அவள் வாய் திறக்கும்போது ஓட்டுவேன், மூடும்போது நிறுத்துவேன்.

முதல் பள்ளி, தனி வகுப்பு, 50 நிமிடம். அவள் பேசியது 9 நிமிடம். ஆசிரியை மிக அன்பானவர், ஆங்கிலம் சரளமாக வந்தது, சீனப் பண்பாட்டைப் பற்றி அழகாகப் பேசினார். வகுப்பு முடிந்ததும் அக்கா மகளுக்கு மகிழ்ச்சி. ஸ்டாப்வாட்சைக் காட்டியபோது முகம் மாறியது. ஒரு தப்பைக்கூட அவர் திருத்தவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டாவது பள்ளியில் 21 நிமிடம். ஆசிரியை ஆங்கிலம் பேசவே இல்லை. 'முயல்' என்ற சொல்லில் அவளை ஏழு தடவை நிறுத்தினார். ஒரு காகிதத் துண்டை உதட்டுக்கு முன் பிடித்து, அது ஆடும்வரை விடவில்லை. அக்கா மகள் சோர்ந்து போனாள். "இவங்க ரொம்ப கண்டிப்பு மாமா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இவங்கதான்" என்றாள்.

குழு வகுப்புக்குக் கணக்கு எளிது. 12 பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் பாதி நேரம் பேசினால், 50 நிமிடத்தில் மிஞ்சுவது 25. ஆளுக்கு இரண்டு நிமிடம். தனி வகுப்பின் கட்டணம் குழு வகுப்பைப் போல மூன்று மடங்கு என்றால் எல்லோரும் பின்வாங்குவார்கள். பேசும் நிமிடத்தால் வகுத்துப் பார்த்தால் தனி வகுப்புதான் மலிவு, பத்து மடங்கு பேசுகிறாளே! அதற்காக முழுவதையும் தனி வகுப்பாக வைத்துக்கொள்ளவும் முடியாது. நான்கு மணி நேரம் ஒரே ஆளிடம் மாட்டிக்கொண்டால் மூளை களைத்துவிடும். தினமும் இரண்டு மணி தனியே, இரண்டு மணி நான்கு பேர் குழுவில் என்று பேசி முடித்தோம்.

இரண்டு விஷயங்களைக் கையோடு கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டோம். "ஆறு வாரத்தில் எச்.எஸ்.கே. இரண்டாம் நிலை" என்று அவர்களின் தாளில் இருந்தது. எச்.எஸ்.கே. என்பது வெளிநாட்டவருக்கான சீன மொழித் தேர்வு. 2010-இலிருந்து வந்த ஆறு நிலைத் தேர்வில் இரண்டாம் நிலைக்கு 300 சொற்கள். 2021-இல் அறிவித்த ஒன்பது நிலைத் தரத்தில் அதே இரண்டாம் நிலைக்கு 1272. பழைய கணக்கு என்று பதில் வந்தது. சரி, அது நடக்கக்கூடியது. அடுத்தது தேதி. ஏப்ரல் 29 திங்கள் தொடக்கம் என்றார்கள். மே 1-இலிருந்து சீனாவில் தொழிலாளர் தின விடுமுறை, புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் போய்விடும், கட்டணம் குறையாது. மே 6-க்கு மாற்றச் சொன்னோம், மாற்றினார்கள். ஜூன் 10 டிராகன் படகுத் திருநாள், அந்த ஒரு நாள் போனது, பரவாயில்லை. ஆசிரியர் பொருந்தாவிட்டால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவோம் என்றும் மின்னஞ்சலில் எழுதி வாங்கினோம். அந்த ஒரு வரி பின்னால் காப்பாற்றியது.

போவதற்கு முன் பத்து வாரம்

பிப்ரவரி கடைசியிலிருந்து வாரம் மூன்று நாள், இரவு ஒரு மணி நேரம், ஆன்லைனில் ஒரு ஆசிரியையிடம் ஒலி மட்டும் படித்தாள். எழுத்து கிடையாது, உரையாடல் கிடையாது. பின்யின் என்ற ரோமன் எழுத்து முறை, 1958-இல் சீனா ஏற்றுக்கொண்டது, அதை ஆங்கிலம் மாதிரி வாசிக்கும் பழக்கத்தை உடைப்பதற்கே இரண்டு வாரம் ஆனது. அப்புறம் தொனிச் சோடிகள். நான்கு தொனிகளைத் தனித்தனியே சொல்ல எல்லோராலும் முடியும், இரண்டு அசை சேர்ந்தால்தான் குழப்பம். நான்கு நான்காகப் பதினாறு சேர்க்கை, இரண்டாவதாக மெல்லிய தொனி வருவதையும் சேர்த்தால் இருபது. இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாக மாறும், எல்லோருக்கும் தெரிந்த 'நீ ஹாவ்' வணக்கமே அப்படித்தான். பீன்யாவுக்கு மெட்ரோவில் போகும்போது இந்த இருபதையும் முணுமுணுத்துக்கொண்டே போவாளாம்.

இந்தப் பத்து வாரம் இல்லாவிட்டால் அங்கே முதல் இரண்டு வாரம் இதிலேயே கரைந்திருக்கும். குறுகிய காலப் படிப்புக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் "அங்கே போய் முதலிலிருந்து தொடங்கிக்கலாம்" என்று நினைக்கிறார்கள். விமான டிக்கெட்டும் தங்கும் செலவும் கொடுத்துவிட்டு, வீட்டிலேயே செய்யக்கூடியதை அங்கே போய்ச் செய்வது எனக்கு மனம் ஒப்பவில்லை.

அங்கே நடந்தது

அப்போது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே நேரடி விமானம் இல்லை. 2020-இல் நின்றது, 2025 அக்டோபரில்தான் மறுபடி தொடங்கியது. கோலாலம்பூர் மாறிப் போனாள். தங்கியது பள்ளி ஏற்பாடு செய்த வாடகை அறையில். ஓட்டலில் தங்காத வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும், பள்ளி ஆள் கூடவே போய்ச் செய்து கொடுத்தார். வாட்ஸ்அப் அங்கே தடை, இந்திய சிம்மின் ரோமிங்கில் மட்டும் வேலை செய்தது. அக்காவுக்கு தினமும் இரவு ஒரு செய்தி வரும். சாப்பாடு ஒரு பிரச்சினையாகவே இல்லை, முட்டை சாப்பிடுவாள்.

மாதிரி வகுப்பு எடுத்த கண்டிப்பான ஆசிரியை அவளுக்குக் கிடைக்கவில்லை. வேறொருவரைக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் இரவு, "மாமா, இவங்க இங்கிலீஷ்லயே பேசுறாங்க" என்று செய்தி. மூன்றாம் நாள் காலையில் அலுவலகத்துக்குப் போய் அந்த மின்னஞ்சல் வரியைக் காட்டினாள். முகம் சுளிக்காமல் மாற்றினார்கள். வியாழனிலிருந்து பழைய ஆசிரியை, அதே காகிதத் துண்டு. மாதிரி வகுப்பு எடுப்பவரே பாடமும் எடுப்பாரா என்று நான் முன்பே கேட்டிருக்க வேண்டும். அது என் கவனக்குறைவு.

சனிக்கிழமைகளில் ரயில் பிடித்துக் குசென் போனாள். படிப்பு விசாவில் நிறுவன வேலை எதுவும் பார்க்கவில்லை. கடை கடையாக ஏறி விலை கேட்டு வந்தாள், அவ்வளவுதான். முதல் சனிக்கிழமை நான்கு கடைகளில் பேசினாள், நான்கிலும் கடைக்காரர்கள் கால்குலேட்டரை எடுத்து நீட்டினார்கள். நான்காவது சனிக்கிழமை ஒரு கடைக்காரப் பெரியவர் கால்குலேட்டரை எடுக்காமல் விலையை வாயாலேயே சொன்னார். இவள் திருப்பிச் சொல்லி உறுதி செய்தாள், அவர் தலையசைத்தார். இறங்கி ஏறியது, நாற்பதுதான். அன்றிரவு வந்த குரல் செய்தியை அக்காவுக்கும் போட்டுக் காட்டினேன். அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனாலும் இரண்டு தடவை கேட்டாள்.

எது சரியாக வந்தது, எது வரவில்லை

பத்து வார ஆன்லைன் பயிற்சி தொடங்கும் முன்பும், அது முடிந்ததும், திரும்பி வந்தபோதும் ஒரே 40 சொற்களை அவளை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தோம். அவளை அறியாத ஒரு சீன ஆசிரியையிடம் அனுப்பி, காதில் விழுந்ததை எழுதச் சொன்னோம். முதலில் 13 சொற்கள்தான் சரியாகப் போய்ச் சேர்ந்தன. பத்து வாரத்துக்குப் பின் 29. திரும்பி வந்தபோது 37. ஒருத்தியின் கணக்குதான், இதை வைத்து எல்லோருக்கும் விதி சொல்ல வரவில்லை. ஆனால் 2012-இல் எனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைத்திருக்கிறது என்பதை அந்த எண்களில் பார்த்தேன்.

காது பின்தங்கிவிட்டது. அவள் கேட்கும் கேள்வி எதிராளிக்குப் புரிகிறது, அவர் வேகமாகச் சொல்லும் பதில் இவளுக்குப் புரிவதில்லை. உச்சரிப்பு நன்றாக இருப்பதாலேயே, மொழி தெரிந்தவள் என்று நினைத்து இன்னும் வேகமாகப் பேசுகிறார்கள். குழு வகுப்பின் இரண்டு மணியில் ஒன்றைக் கேட்பதற்கென்றே ஒதுக்கச் சொல்லியிருக்கலாம்.

எழுத்திலும் குறை வைத்துவிட்டோம். ஒலி, ஒலி என்று நான் பிடித்த பிடிவாதத்தில் முதல் பத்து வாரம் எழுத்தைத் தொடவே விடவில்லை. அங்கே போய் 150 எழுத்துகள் வரைதான் வந்தாள். வரைபடத்தில் 'தகுதி', 'குறை', 'அளவு' என்று வரும் இருபது முப்பது எழுத்துகளையாவது முன்பே காட்டியிருக்க வேண்டும். இன்னொரு முறை இதே நிலை வந்தால் அதை மாற்றிச் செய்வேன்.

ஜூலையில் ஒரு பெட்டி டிரைவர் குறையோடு வந்தது. மேற்பார்வையாளரை அழைத்துப் பேசினாள். நான்கு நிமிட அழைப்பில் "மெதுவாகச் சொல்லுங்கள்" என்று ஆறு தடவை கேட்டாளாம். 40 துண்டு மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். 40 தான் வந்தது.

இதைப் பார்த்துவிட்டு, முன்பு குவாங்சோ வேண்டாம் என்ற அதே பையன் இப்போது என்னிடம் வந்திருக்கிறான். சேலத்துக்காரன், சிப் வடிவமைப்பில் வேலை மாறி அடுத்த ஆண்டு தைவானில் சின்சூ நகரத்துக்குப் போகிறான். அக்கா மகள் போன பள்ளியின் முகவரியைத்தான் முதலில் கேட்டான். நான் கொடுக்கவில்லை. அவன் வாழப் போகும் ஊரில் கடைப் பலகை, வாடகை ஒப்பந்தம், மருத்துவச் சீட்டு எல்லாம் முழு எழுத்தில் இருக்கும். போவதற்கு முன் மூன்று மாதம் இடைவெளியும் கிடைக்கிறது. தைபேய் அவனுக்குப் பொருந்தும். படிப்புக்காக விசா கேட்பதானால் வாரம் 15 மணி நேரமாவது வகுப்பு இருக்க வேண்டும் என்பது தைவானின் விதி, அதனால் தினம் மூன்று மணி தீவிர வகுப்பைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவன் பள்ளியில் கன்னடம் படிக்கவில்லை, மகாபிராணத்தைச் சொல்லிப் புரியவைக்க வழியில்லை. வரும் சனிக்கிழமை மாலை வரச் சொல்லியிருக்கிறேன். அக்கா மகளும் வருகிறாள், காகிதத் துண்டோடு.